அலையாத்திக் காட்டுக்கு வைத்த பத்திரிகை

கண்டல்மேட்டில் அஞ்சாப்புலி வீட்டுக் கல்யாணத்துக்கு அலையாத்திக் காடு வந்திருந்தது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது மரம் எப்படி நடந்தது என்பதைத்தான். கண்டல்மேட்டுக்காரர்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எந்தப் பந்தியில் உட்கார வைத்தீர்கள், உப்பு உறைப்பு சரியாக இருந்ததா, போகும்போது வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லையே என்பதைத்தான் கேட்டார்கள். அலையாத்தி மரத்துக்கு அடியில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு இருப்பதில் பாதி கால்தான். அத்தனை காலையும் வைத்துக்கொண்டு அது இவ்வளவு காலம் ஒரே இடத்தில் நின்றதுதான் ஆச்சரியமே தவிர, கிளம்பி வந்ததில் என்ன ஆச்சரியம்?

அந்த ஊரில் காட்டுக்குள் கயாக் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் அஞ்சாப்புலி, இன்னொருத்தன் ஜமாலுதீன். ஊர்ச் சுற்றுலாக் குழு வாங்கிப் போட்டிருந்த கயாக்குகள் ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு பள்ளம், பின்னால் ஒரு பள்ளம், ஆளுக்கொரு துடுப்பு, துடுப்புக்கு இரண்டு பக்கமும் அலகு. முன்னால் உட்காருகிறவர் தாளம் போட வேண்டும், பின்னால் உட்காருகிறவர் அந்தத் தாளத்துக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டே படகைத் திருப்ப வேண்டும். ஆழம் இடுப்பு அளவுதான், ஆனால் வாய்க்கால் வளைந்து வளைந்து போகும், ஒரு வளைவைத் தவறவிட்டால் வேருக்குள் மாட்டிக்கொண்டு அடுத்த நீரேற்றம் வரும்வரை கொசுவுக்குச் சாப்பாடாக வேண்டியதுதான். ஆகையால் சுற்றுலாக்காரர் முன்னால், இவர்கள் பின்னால். வருஷக்கணக்கில் இப்படி ஓட்டி ஓட்டி, இரண்டு பேரும் அடுத்தவர் பிடரியைப் பார்த்தே பிழைத்தவர்கள் ஆகிவிட்டார்கள். வந்தவரின் முகம் மறந்துபோகும், பிடரி மறக்காது.

அஞ்சாப்புலிக்கு ஒரே மகள், சுபாஷினி. அவளுக்கு உள்நாட்டில் நெடுந்திடல் என்கிற நெல்வயல் ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. மின்கம்பம் ஏறுகிற வேலை, நல்ல பையன், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது பாய் பற்றவில்லை, டம்ளர் பற்றவில்லை, செருப்பு விட்ட இடத்தில் செருப்புக்கே இடம் பற்றவில்லை. அஞ்சாப்புலியின் பக்கம் அவன், அவன் மனைவி காந்திமதி, ஜமால், ஜமால் வீட்டுக்காரம்மா, அவ்வளவுதான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பனோடு கண்டல்மேட்டுக்கு வந்து சேர்ந்தவன், ஊருக்குள் கொப்புக் கிளை என்று ஒன்றும் இல்லாத ஒற்றைப் பனை, காந்திமதிக்கும் பிறந்த வீட்டுப் பக்கம் யாரும் இல்லை. ஊரார் வந்து நின்றார்கள்தான், ஆனால் அந்தக் கடற்கரையில் சபை கூடினால் ஊர் ஒரு பக்கம் உட்காரும், சொந்தம் ஒரு பக்கம் உட்காரும், இரண்டும் கலக்காது. சொந்தத்துக்கு விரித்த ஜமுக்காளம் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளை பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி, நல்ல மனுஷி, சூதுவாது தெரியாதவள், காபியை ஆற்றிக்கொண்டே அந்த ஜமுக்காளத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் வந்து சேரலையா?" என்று கேட்டாள்.

எல்லோரும் வந்துதான் இருந்தார்கள். அஞ்சாப்புலி சிரித்துச் சமாளித்துவிட்டான், ஆனால் அந்தக் கேள்வி மத்தி மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது, சோற்று உருண்டை விழுங்கினாலும் போகவில்லை, வாழைப்பழம் விழுங்கினாலும் போகவில்லை. கல்யாணத்தன்றைக்கு இவ்வளவு பெரிய சபையில் தன் மகள் பக்கம் காலியாகக் கிடக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவனுக்கு.

காட்டைத் தாண்டி, உப்பங்கழியின் மறுகரையில் நண்டுத்திட்டு என்று ஒரு மணல்மேடு இருக்கிறது. அங்கே அவனுக்குத் தூரத்து அத்தை முறையில் ஒரு குடும்பம் இருந்தது. கிளை விட்டுக் கிளை விட்டுப் பெருத்த குடும்பம், அவர்கள் மட்டும் வந்தால் போதும், ஜமுக்காளம் கிழிந்துவிடும். விசைப்படகு அந்தக் குறுகல் வாய்க்கால்களில் நுழையாது, சாலை வழி என்றால் மூன்று தாலுகாவைச் சுற்ற வேண்டும். சுற்றுலாக்காரர்கள் வராத ஒரு புதன்கிழமை பார்த்து, பத்திரிகையின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, ஜமாலைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று காந்திமதி, இத்தனை பேரைக் கூப்பிடுகிறீர்களே, பெண்ணைக் கொண்டுபோய் விடுவதற்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் வீட்டில் யார் இருப்பது, பெண் போன வீட்டைப் பூட்டக் கூடாதே, மறுவீடு வந்து அவள் படி ஏறும்வரை விளக்கு எரிய வேண்டுமே என்றாள். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

துறைக்குப் போன பிறகுதான் வம்பு. இரண்டு பேரும் பின் பள்ளத்தில் காலை வைத்தார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே கயாக்கில் ஏறியதே இல்லை, அதனால் முன்னால் உட்காருவது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கனத்த ஆள் பின்னால் இருக்க வேண்டும், அது கடல் சட்டம் என்றான் ஜமால், தன் தொந்தியைத் தட்டிக் காட்டி. முன்னால் தெறிக்கிற தண்ணீரில் பத்திரிகை நனையும், தாம்பாளம் இருக்கிறவன் பின்னால், அது கல்யாணச் சட்டம் என்றான் அஞ்சாப்புலி. கல்யாணச் சட்டம் ஜெயித்தது. ஜமால் முன்னால் போய் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் சும்மா தாளம் போட்டானா என்றால் இல்லை, கை பழக்கம் விடாமல் அங்கிருந்தே படகைத் திருப்பப் பார்த்தான். பின்னாலிருந்து இவன் வடக்கே திருப்ப, முன்னாலிருந்து அவன் தெற்கே திருப்ப, கயாக் செக்கு மாதிரி நின்ற இடத்தில் சுற்றியது. துடுப்பும் துடுப்பும் கோலாட்டம் அடித்தன. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

காட்டுக்குள் நுழைந்த பிறகு காடு அவர்களை அடக்கியது. மேலே கிளையோடு கிளை கோத்துக்கொண்டு இலைக் கூரை, கூரையின் கிழிசல் வழியாகக் காசு காசாக வெயில், கீழே தேநீர் நிறத்தில் அசையாத தண்ணீர், அதில் தலைகீழாக இன்னொரு காடு. சேற்றில் மூச்சுவேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டு நின்றன, அவற்றுக்கு நடுவில் ஒற்றைக் கொடுக்கு சிவந்த நண்டுகள் வா வா என்று கூப்பிடுகிற மாதிரி கொடுக்கை ஆட்டின. சத்தம் போடப் போட அந்த இடம் சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கவே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஜமாலின் தோள் சாய்கிற பக்கம் அஞ்சாப்புலியின் துடுப்பு தானாக விழ ஆரம்பித்தது. அதற்குப் பிறகு படகு ஒரே மிருகம் மாதிரி போனது.

போகிற வழியில் அஞ்சாப்புலி தொண்டை முள்ளைப் பற்றிச் சொன்னான். முன்னால் இருந்தவன் திரும்பாமலே பதில் சொன்னான்:

"கவலைப்படாத மாப்ள. ஆள் பத்தலைன்னா எங்க தெருவையே கூட்டியாந்து உக்கார வைக்கிறேன். பிரியாணி இல்லைன்னு தெரிஞ்சா எழுந்து போயிருவானுக, அது வரைக்கும் உன் சொந்தம்தான்."

நண்டுத்திட்டில் இறங்கினால் குடிசைகளில் ஆள் இல்லை. ஒவ்வொரு கதவிலும் பூட்டு, ஒவ்வொரு பூட்டிலும் துரு. அத்தை குடும்பம் கிளை கிளையாகப் பிழைப்புத் தேடி எந்தெந்தத் துறைமுகத்துக்கோ போயிருந்தது. தகவல் சொல்லி வைப்பதற்குக்கூட அங்கே யாரும் மிச்சமில்லை. அஞ்சாப்புலி தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு பூட்டுக்கு முன்னாலும் போய் நின்று பார்த்தான், பிறகு வந்து கயாக்கில் உட்கார்ந்தான்.  ஜமால் துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் படகைத் தள்ளினான்.

இப்போது இன்னொரு சங்கடம். மஞ்சள் தடவி வாசல் தாண்டிய பத்திரிகையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வந்தால் கல்யாணம் தடங்கலாகும் என்பது அந்தக் கரையில் பழக்கம். கடலில் போடலாமா என்றால் அதற்கும் ஒரு சாஸ்திரம் குறுக்கே நின்றது. திரும்பும் வழியில், நான்கு வாய்க்கால் கூடுகிற இடத்தில் ஒரு சுரபுன்னை, அந்தக் காட்டிலேயே வயசானது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி வேர்களை ஊன்றி, தன்னைச் சுற்றிப் பிள்ளை பேரன் பேத்தி என்று கன்றுகளை நட்டுக்கொண்டு நின்றது. ஜமால் துடுப்பை நிறுத்தினான்.

"இவரு பெரிய குடும்பஸ்தரா இருக்காரே புலி. இவருக்கு வச்சுரு."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அஞ்சாப்புலி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். கயாக்கில் எழுந்து நிற்கக் கூடாது என்று சுற்றுலாக்காரர்களுக்குத் தினமும் சொல்கிறவன், அன்றைக்கு எழுந்து நின்றான். படகு கவிழாமல் ஜமால் துடுப்பைத் தண்ணீரில் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டான். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, தாம்பாளத்தை நீட்டி, எந்தச் சொந்தக்காரனுக்கும் சொல்கிற அதே வார்த்தையை ஒன்று குறையாமல் சொன்னான்:

"என் மவ கல்யாணம். குடும்பத்தோட முந்தின நாளே வந்து, கூடமாட இருந்து, பொண்ணக் கொண்டுபோய் விடுற வரைக்கும் நின்னு நடத்திக் குடுக்கணும்."

பத்திரிகையை வேரிடுக்கில் செருகினான். மேலேயிருந்து ஒரு மஞ்சள் இலை சுழன்று சுழன்று வந்து தாம்பாளத்தில் விழுந்தது. வெற்றிலை எடுத்துக்கொண்டார் என்றான் ஜமால். இரண்டு பேரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள், முன்னால் இருந்தவனுக்குப் பின்னால் இருந்தவனின் கண்ணீர் எந்த வகை என்று தெரியாது. திரும்பி வரும் வழி நெடுக ஒரு தடவைகூடத் துடுப்பும் துடுப்பும் மோதவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள், காலைப் பலகாரம் முடிந்த நேரம், நீர் ஏறுகிற பொழுதில் காடு வந்தது.

முன்னால் அந்த வயசான சுரபுன்னை, வேருக்கு வேர் சேற்றை உதறிக்கொண்டு, பத்திரிகையைக் கிளையில் பிடித்துக்கொண்டு. பின்னால் கண்டல் மரங்கள் பங்காளி வகை, மாமன் மச்சான் வகை, சம்பந்தி வகை என்று சாலையின் இடது ஓரமாக வரிசையாக. எதிரே வந்த பேருந்தை ஓட்டுநர் ஓரங்கட்டினார், நடத்துநர் மட்டும் கல்யாணக் கூட்டம் என்றால் முன்கூட்டியே சொல்லக் கூடாதா என்று முணுமுணுத்தார். குடும்பத்தோடு என்று சொல்லியிருந்ததால் குடும்பத்தோடுதான் வந்தார்கள்: கிளை நிறையக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும், வேரிடுக்கு நிறைய நண்டும் உளுவை மீனும், எல்லோருக்கும் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு, குடித்துவிட்டு வந்த சித்தப்பா மாதிரி தள்ளித் தள்ளி ஒரு நரி. அவர்கள் கால் வைத்த இடத்தில் உப்புத் தண்ணீர் மெல்ல ஊறி, கூடவே வந்து நின்றது.

கண்டல்மேடு ஒரு கணம்தான் பார்த்தது. அதற்குள் காந்திமதி சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வாங்க வாங்க என்று கூப்பிட்டுவிட்டாள். வீட்டுக்காரி கூப்பிட்ட பிறகு பேச என்ன இருக்கிறது? ஊர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது. பந்தல்காரர் மட்டும் மரமே வந்து நிழல் கொடுத்தால் என் தென்னங்கீற்றை யார் மதிப்பார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு கண்டல் மரங்கள் அவருடைய கம்பத்தைத் தாங்கிப் பிடித்த பிறகு சமாதானமானார். கண்ணுக்கு ஆகாத தில்லை மரம் ஒன்று கூட்டத்தில் இருந்தது, அதன் பால் பட்டால் கண் எரியும். எல்லாக் குடும்பத்திலும் வாய் நீளமான ஒரு சித்தி இருக்கத்தானே செய்வாள் என்று, அதைப் பந்தலின் ஓரத்தில் தனி நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பேச்சுக் கொடுங்கள், ஆனால் தொடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள்.

சமையல்காரருக்குத்தான் யோகம். காலமெல்லாம் கை தாராளமாக உப்பைப் போட்டுவிட்டுத் திட்டு வாங்கியவர் அவர். அன்றைக்கு அவர் வைத்த ரசத்தை வேருக்கு வேர் ஊற்றியபோது காடு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது, இலைகளெல்லாம் பளபளத்தன, இன்னும் கொஞ்சம் என்று வேர்கள் வாளியைச் சுற்றி வளைத்துக்கொண்டன. அவர் முந்தானை இல்லாத குறைக்குத் துண்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒலிபெருக்கிக்காரன் பாட்டை நிறுத்திவிட்டு, சுரபுன்னை வகையறா இரண்டாவது பந்திக்கு வரவும், நண்டுக் குழந்தைகளைக் காலடியில் பார்த்து நடக்கவும் என்று அறிவித்தான்.

மறுநாள் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். இந்தத் தடவை அவர்களுக்குத்தான் உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. சொந்தத்துக்கு விரித்த ஜமுக்காளம் நிரம்பி, பந்தல் நிரம்பி, தெரு நிரம்பி, கழிக்கரை வரைக்கும் பெண் வீட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வி கேட்ட பெரியம்மா அண்ணாந்து பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளிடம், நல்ல உசரமான வம்சம் என்றாள். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் கொட்ட, காடு தன் மஞ்சள் இலைகளை எல்லாம் ஒரே மூச்சில் உதிர்த்தது. அட்சதை போடுகிற கைகளில் அரிசி அப்படியே நின்றது, மணவறை மஞ்சளாக நிறைந்தது, சுபாஷினி தலையிலிருந்து ஓர் இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அஞ்சாப்புலி எச்சில் விழுங்கிப் பார்த்தான். தொண்டையில் முள் இல்லை.

பந்தி முடிந்து தாம்பூலப் பை கொடுத்தாயிற்று. ஊரார் வாங்கிக்கொண்டு போனார்கள். காடும் வாங்கிக்கொண்டது, கிளைக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டது, போகவில்லை. நெடுந்திடலுக்குப் போகிற சாலையைப் பார்த்துத் திரும்பி, வரிசை கட்டி நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா கோதண்டம் நிதானமான மனிதர், வயலும் வரப்புமாகவே வாழ்ந்தவர். அவர் பந்தலை விட்டு வெளியே போய், தெருவில் மரங்களின் காலடியில் நிற்கிற தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், துப்பினார், திரும்பி வந்து அஞ்சாப்புலியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சொந்தத்துல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க எங்க போனாலும் கூடவே உப்புத் தண்ணி வருது. எங்க ஊர்ல இப்பத்தான் பயிரு கதிர் வாங்குது. இவங்க ஒரு பொழுது வந்து நின்னா போதும், அத்தனை வயலும் செத்துரும். வர வேணாம்னு சொல்லிருங்க. இல்லன்னா பொண்ண இப்ப நாங்க அழைச்சுட்டுப் போக முடியாது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் அஞ்சாப்புலிக்குக் கஷ்டமாக இருந்தது. வயல் செத்தால் மகள் அந்த ஊரில் எப்படி முகம் காட்டுவாள்? உள்நாட்டு மண்ணில் உப்பு வற்றினால் காடும்தான் பிழைக்குமா? ஆனால் தாம்பாளம் நீட்டி, கொண்டுபோய் விடுகிற வரைக்கும் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்று தன் வாயால் அழைத்தவர்களை, நீங்கள் வர வேண்டாம் என்று அதே வாயால் சொல்வது எப்படி? அந்தக் கரையில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அப்படிச் சொல்லப்பட்ட சொந்தம் அப்புறம் எந்தத் தலைமுறைக்கும் வாசல் மிதிக்காது. தனக்கென்று வந்த ஒரே சொந்தம்.

ஜமால் அவனைப் பார்த்தான். தெருவில்தான் தண்ணீர் நிற்கிறதே, துறையிலிருந்து கயாக்கைத் தெரு வழியாகவே மிதக்க விட்டுக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். அஞ்சாப்புலி வழக்கம்போலப் பின்னால் காலை வைத்தபோது, ஜமால் அவன் தோளைத் தொட்டான்.

"நீ முன்னாடி உக்காரு மாப்ள. உன் மூஞ்சிய நான் பாக்க மாட்டேன்."

அஞ்சாப்புலி வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னால் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் எந்தப் பிடரியும் இல்லை. மரங்களுக்கு நடுவில், கண்டல்மேட்டுத் தெருவில், பால்வாடியைத் தாண்டி, மாதா குருசடியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இரண்டு பேரும் ஊரைச் சுற்றித் துடுப்புப் போட்டார்கள். அவன் தோள் குலுங்குவது துடுப்பால் இல்லை என்று ஜமாலுக்குத் தெரிந்தது, அவன் தாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டாவது சுற்றில், பேச்சை மாற்றுவோம் என்று, சரி, நாமெல்லாம் வேனில் ஏறிவிட்டால் உன் வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள், காந்திமதி தங்கச்சி அன்றைக்கே கேட்டதே என்றான்.

முன்னால் துடுப்பு நின்றது. அஞ்சாப்புலி பின்னால் திரும்பாமல், "படகத் திருப்பு" என்றான்.

வயசான சுரபுன்னைக்கு முன்னால் போய் இறங்கி, காந்திமதியிடம் தாம்பாளத்தை வாங்கி, புது வெற்றிலை வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை வீட்டார், ஊரார், ஒலிபெருக்கிக்காரன் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பொண்ணக் கொண்டுபோய் விடப் போறேன். என் வீட்டப் பூட்டக் கூடாது, வெளக்கு அணையக் கூடாது. மறுவீடு வந்து புள்ள படி ஏறுற வரைக்கும் வீட்ட யாரு கையில ஒப்படைக்கிறது? தூரத்துச் சொந்தத்த நம்ப முடியுமா? எனக்கு உடம்பொறப்பு மாதிரி இருக்கறது நீங்கதான். நீங்க இருந்து பாத்துக்கணும்."

கொண்டுபோய் விடுகிற கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு தங்குகிறவர்கள்தான் நெருங்கிய சொந்தம், அது காட்டுக்கும் தெரியாமல் இருக்குமா? காற்று இல்லை, ஓர் இலை அசையவில்லை, கோதண்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சாலையைப் பார்த்து நின்ற வரிசை, ஒரு பெரிய பெருமூச்சோடு, வேர் வேராகத் திரும்பி வீட்டைப் பார்த்து நின்றது. தாம்பாளத்தில் ஒரு மஞ்சள் இலை வந்து விழுந்தது.

ஆக, நெடுந்திடலில் போய் இறங்கிய பெண் வீட்டார் ஒரு வேன்தான், அதிலும் பின் இருக்கை காலி. அஞ்சாப்புலி, காந்திமதி, ஜமால், அவன் வீட்டுக்காரம்மா. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அதே பெரியம்மா வேனுக்குள் எட்டிப் பார்த்தாள், பழக்க தோஷம், "பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் வந்து சேரலையா?" என்றாள்.

காடு சொன்ன வார்த்தை தவறவில்லை, ஒரு வேர்கூடக் கண்டல்மேட்டு எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் வீட்டில் இருக்கச் சொன்னது வேர் உள்ளவர்களைத்தானே, இறக்கை உள்ள பிள்ளைகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. கீழ்வானத்தில் ஒரு வெள்ளைத் துணி விரிகிற மாதிரி தெரிந்தது, கிட்டே வர வர அது கொக்கானது, நாரையானது, அரிவாள் மூக்கனானது, மாப்பிள்ளை ஏறுகிற மின்கம்பிகளில் எல்லாம் வரிசை வரிசையாக வந்து உட்கார்ந்தது, ஓட்டு வீட்டு முகட்டில், வைக்கோல் போரில், வரப்பில், கோயில் கோபுரத்தில். வயலில் இறங்கியவை கதிருக்கு ஒரு சேதமும் செய்யாமல் பூச்சியைப் பொறுக்கித் தின்றுகொண்டே போயின. கோதண்டம் வரப்பில் நின்று அதைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி மடித்துக் கட்டினார்.

"வந்துட்டாங்க ஆத்தா" என்றான் அஞ்சாப்புலி.

பெரியம்மா கையால் வெயிலை மறைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, இன்னும் இலை அறுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

மறுவீட்டுக்குச் சுபாஷினி கண்டல்மேட்டுக்கு வந்தபோது, வாசல் பெருக்கியிருந்தது, சேற்றில் மூச்சுவேர் கீறிய கோலம் இருந்தது, ஆட்டுப் பட்டிக்குக் குறுக்கே நரி படுத்துக் காவல் காத்தது. ஆடு ஒன்று அதன் வயிற்றில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரியை யார் தூண்டினார்கள் என்று காந்திமதி கேட்கவில்லை, நண்டுகளின் கொடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததை மட்டும் பார்த்தாள். பெண் படி ஏறியதும், நீர் வற்றத் தொடங்கியதும், காடு போய்விட்டு வருகிறோம் என்கிற மாதிரி ஒரு முறை தலையாட்டிவிட்டு, கூட்டி வந்த உப்புத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு பழைய இடத்துக்குப் போய் நின்றது. தில்லைச் சித்தி மட்டும் போகும்போது பந்தல்காரருக்கு ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போனாள். அவர் ஒரு வாரம் கண்ணைக் கசக்கினார்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் காலையில் அஞ்சாப்புலி வாசல் கதவைத் திறந்தால், படியில் ஒரு சுரபுன்னைக் காய், முருங்கைக்காய் நீளத்துக்குப் பச்சையாக, நட்டு வைத்த மாதிரி நேராக நின்றது. அதன் நுனியில் மஞ்சள், நான்கு பக்கமும். ஊர் கூடிப் பார்த்தது. என்ன விசேஷம் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது, காது குத்தாக இருக்கும் என்றார்கள் சிலர், இல்லை, கன்று ஊன்றுகிற காலம், பிள்ளைப்பேறு விசேஷம்தான் என்றார்கள் சிலர். அழைப்பு குடும்பத்தோடு என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அவர்கள் அத்தனை பேர் வந்து செய்துவிட்டுப் போன இடத்துக்கு ஒற்றைப் படகில் போய் நின்றால் மரியாதையா என்று காந்திமதி கேட்டாள். அப்போதுதான் ஊருக்கு ஒரு விஷயம் உறைத்தது: வீட்டுக்கு வந்து ஒரே பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அஞ்சாப்புலிக்குச் சொந்தம் என்றால், அவர்களோடு சாப்பிட்ட நாம் மட்டும் யாராம்? ஊர் ஒரு பக்கம், சொந்தம் ஒரு பக்கம் என்கிற கணக்கு அன்றைக்கு அங்கேயே, அந்தப் படியிலேயே குழம்பிப்போனது, அப்புறம் யாரும் அதைப் பிரித்து எடுக்க முயலவில்லை.

விசேஷ நாளன்று துறையில் கால் வைக்க இடமில்லை. கயாக்குகள், கட்டுமரங்கள், ஐஸ் பெட்டியை வெட்டிச் செய்த மிதவைகள். உப்பு மூட்டையோடு சமையல்காரர். ஜமால் பேசாமல் போய் முன் பள்ளத்தில் உட்கார்ந்தான். அஞ்சாப்புலியும் முன் பள்ளத்தில்தான் காலை வைத்தான். முன்னால் உட்காருகிற சுகம் இப்போதுதானே தெரிந்திருக்கிறது, எழுந்திரு என்று அஞ்சாப்புலி சொல்ல, தாம்பாளம் இருக்கிறவன் பின்னால் என்று சட்டம் போட்டது யார் என்று ஜமால் கேட்க, வலைக்காரர்கள் மறுபடியும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கல்யாணச் சட்டமே மறுபடி ஜெயித்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோதண்டம் வந்தார். ஜரிகை வேட்டிக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, வாழ்நாளில் படகு ஏறாதவரின் கால் நடுக்கம், பின்னால் மகனும் மருமகளும், அவர்களுக்குப் பின்னால் பெரியம்மா, அவளுக்குப் பின்னால் நெடுந்திடலில் இருந்து ஒரு பேருந்து ஜனம். குனிந்து, யாருக்கும் கேட்காமல், அஞ்சாப்புலியின் காதோடு கேட்டார்:

"சம்பந்தி, போதுமா? அங்க போயி நின்னா நம்ம பக்கம் ஆளு கம்மியாத் தெரியாதுல்ல?"

காலமெல்லாம் அடுத்தவர் பிடரியைப் பார்த்தே துடுப்புப் போட்ட அஞ்சாப்புலி திரும்பிப் பின்னால் பார்த்தான். துறையிலிருந்து கழி திரும்புகிற இடம் வரைக்கும் படகு, படகுக்குப் படகு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம். அவன் முன்னால் திரும்பி ஜமாலின் முதுகில் துடுப்புக் கம்பால் ஒரு தட்டுத் தட்டினான்.

"போடு மாப்ள."